இரண்டு பேருடைய பங்கு

அடுப்புக்கு முன்னால் இருந்தவர்கள்: நான். என் பெண்சாதி. மகள், அப்போது ஏழு வயது. மகளுக்கு வலது பக்கம் ஒரு தகரத் தட்டு. அதற்கு முன்னால் யாரும் இல்லை. இடது பக்கம் இன்னொரு தகரத் தட்டு. அதற்கு முன்னாலும் யாரும் இல்லை.

ஐந்து தட்டிலும் ரொட்டி இருந்தது.

வலது பக்கத் தட்டு மூத்தவனுடையது. ஒன்பது வயதில் போனான். இடது பக்கத் தட்டு சின்னவனுடையது. அவனுக்கு நாலு வயது. எழுபத்து நாலாம் வருடப் பஞ்சத்தில் இரண்டு பேரும் ஒரே மாதத்தில் போனார்கள். தோட்டத்து ஆபீசில் காய்ச்சல் என்று எழுதினார்கள். பசி என்று எழுத அந்தப் புத்தகத்தில் இடம் இல்லை போலிருக்கிறது. மூத்தவனைத் தேயிலை மலை ஓரத்தில் புதைத்தோம். பன்னிரண்டு நாள் கழித்துச் சின்னவனை அவன் பக்கத்தில் புதைத்தோம். இரண்டு குழியும் நான்தான் வெட்டினேன். இரண்டாவது குழிக்குத் தெம்பு இல்லை. ஆழம் குறைவு.

எங்கள் தோட்டம் றத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் பக்கத்து மலையில். மத்தியானமே பனிமூட்டம் இறங்கிவிடும். எதிர் லயத்து வீட்டு வரிசை கண்ணுக்குத் தெரியாது. அங்கே பேசுகிற சத்தம் மட்டும் வரும். யார் பேசுகிறார்கள் என்று தெரியாது. அந்த வருடம் அப்படி வந்த சத்தம் முக்கால்வாசி அழுகைதான்.

வீட்டில் ஆளுக்கு ஒன்றாக ரேஷன் கூப்பன் புத்தகம் ஐந்து இருந்தது. ஆள் செத்தால் அவருடைய புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. இப்போது மறைத்து என்ன பயன், வாரா வாரம் ஐந்து பேருக்கு மா, சீனி, அரிசி வாங்கி வந்தேன். மிஞ்சுவதை மூன்று பேரும் பகிர்ந்து தின்னலாம் என்று நினைத்தேன். பெண்சாதி வேறு விதமாக நினைத்தாள்.

"அது அவுங்க பேருக்கு வந்த மாவு. நாம தொட்டா நல்லாருக்குமா?"

"அப்ப என்னா செய்ய? கொட்டிரவா?"

"இவ திங்கட்டும். இவ தின்னா அவுங்க தின்ன மாதிரி. ஒரே வயித்துல பொறந்ததுங்க."

 அவளுக்கு இரண்டு பிள்ளை போயிருந்தது. அவள் சொன்னதில் அர்த்தம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கிற நிலையில் நானும் இல்லை.

அப்படித்தான் தொடங்கியது. மகள் முதலில் தன் தட்டைத் தின்பாள். பிறகு அவளுடைய அம்மா, "அண்ணன் வந்துட்டான்" என்பாள். மகள் வலது பக்கத் தட்டை இழுத்துக்கொள்வாள். அது முடிந்ததும், "தம்பி வந்துட்டான்" என்பாள். இடது பக்கத் தட்டு.

சின்னவன் இடதுகைக்காரன். அடித்துப் பார்த்தும் திருந்தவில்லை. மூன்றாவது தட்டுக்கு வரும்போது மகளின் கை மாறும். இடது கையால் பிய்த்து இடது கையால் வாயில் வைப்பாள். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. முதல் தடவை அதைக் கண்டபோது பெண்சாதியின் முகம் குளிர்ந்தது. நான் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருடம் மா கொஞ்சம் தாராளமாக வந்தது. சீனியும் வந்தது. மூன்று பேருடைய சீனியும் மகளின் தேயிலைச் சாயத் தண்ணியில் விழுந்தது. கன்னம் வந்தது. கை மொத்தமானது. எலும்பு தெரிந்த இடமெல்லாம் மூடியது. எனக்கும் சந்தோஷம்தான். பொய் சொல்லக் கூடாது.

பெண்சாதி அவளை ஓட விடவில்லை. கயிறு தாண்ட விடவில்லை. "ஓடாத புள்ள, கரைஞ்சிருவ" என்பாள். பள்ளிக்கூடம் மேட்டில் இருந்தது. ஏறி இறங்கினால் உடம்பு போய்விடும் என்று அதையும் நிறுத்தினாள். மகள் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் வாசலில் ஒரு பலகையில் உட்கார்ந்திருப்பாள். பனி வந்து அவளை மூடும். விலகும். அதே இடத்தில் அப்படியே இருப்பாள்.

லயத்துப் பெண்களுக்கு அவள் ஒரு சாமி மாதிரி ஆனாள். பஞ்சம் பார்த்தவர்களுக்குக் கொழுத்த பிள்ளையைவிட நல்ல சகுனம் இல்லை. புதிதாகப் பிறந்த பிள்ளையைக் கொண்டு வந்து அவள் மடியில் வைப்பார்கள். அவள் உடம்பு அந்தப் பிள்ளைக்கும் ஒட்டட்டும் என்று வைப்பார்கள். வைக்கும்போது கையில் ஒரு வடையோ சீனி உருண்டையோ கொடுப்பார்கள். கோயில் பொங்கலில் முதல் கவளம் அவளுக்கு. கங்காணி பெண்சாதி கல்யாண வீட்டுக்குப் போகும்போது அவளை எல்லோருக்கும் முன்னால் நடத்திக் கூட்டிப் போனாள்.

"பாருங்கடி, தொர வீட்டுப் புள்ள கணக்கா இருக்கா."

மகள் சிரிப்பாள். வாயில் எப்போதும் ஏதாவது இருக்கும்.

இன்றைக்கும் தோட்டத்தில் மெலிந்த பிள்ளையைக் கண்டால் பயப்படுகிறார்கள். கொழுத்த பிள்ளையைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை. எனக்கு இரண்டுக்கும் பயம்.

கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் எனக்கு மூடை தூக்குகிற வேலை. கையில் தூக்கினால் எத்தனை இறாத்தல் என்று சொல்வேன். தப்பாது. மகளுக்குப் பத்து வயதானபோது ஒரு நாள் அவளை வாசல்படியில் இருந்து தூக்கி இறக்கினேன். கை ஒரு கணக்குச் சொன்னது. நான் நம்பவில்லை. மறுநாள் மத்தியானம் ஆட்கள் போன பிறகு மடுவத்துக்குக் கூட்டிப் போனேன். சாக்கில் உட்காரவைத்துக் கொழுந்துத் தராசின் கொக்கியில் மாட்டினேன். நிறுவைக் கங்காணி அங்கே நின்றார். எங்கள் லயத்து ஆள் இல்லை. எங்கள் வீட்டுக் கதை அவருக்குத் தெரியாது.

முள் ஓடிப் போய் நின்றது. நூற்றுப் பன்னிரண்டு இறாத்தல். சரியாக ஒரு அந்தர்.

கங்காணி சிரித்தார். "என்னாப்பா, சாக்குக்குள்ள மூணு புள்ளைய போட்டுத் தொங்கவிட்டிருக்கியா?"

நான் சிரிக்கவில்லை. சாக்கு மெல்லச் சுற்றியது. மகளின் முகம் என் பக்கம் வந்தது. போனது. மறுபடி வந்தது. மூத்தவன் இருந்திருந்தால் எத்தனை இருப்பான், சின்னவன் எத்தனை இருப்பான் என்று தலைக்குள் கூட்டினேன். மகளோடு சேர்த்தால் ஏறக்குறைய அதே கணக்கு வந்தது. அவளை இறக்கினேன்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மகள் பாயில் படுத்துத் தூங்கினாள். நான் பக்கத்தில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தேன். குறட்டை வந்தது. பெரிய ஆளின் குறட்டை. பிறகு அது நின்று ஒரு விசில் மாதிரி மெல்லிய சத்தம் வந்தது. சின்னவன் சளி பிடித்தால் அப்படித்தான் மூச்சு விடுவான். பிறகு அதுவும் நின்றது.

நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு என்று இருபதுக்கு மேலே போனது. நெஞ்சு அசையவில்லை. உதடு நீலமாக இருந்தது. இருபத்தாறில் அவள் பாயைக் கையால் அடித்து மூச்சை இழுத்தாள். முழிக்கவில்லை. திரும்பவும் குறட்டை. திரும்பவும் விசில். திரும்பவும் ஒன்றும் இல்லை.

ஒரே பாயில் மூன்று பேர் முறை வைத்துத் தூங்குகிற மாதிரி இருந்தது. மூன்றாவது ஆள் மூச்சு விடாத ஆள்.

மறுநாள் அவளைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனேன். பெண்சாதியும் வந்தாள். ஒரு மைல் இறக்கம். மகள் ஏழு இடத்தில் உட்கார்ந்தாள். மருந்து கொடுக்கிற ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். கடுமையான மனிதர். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். கழுத்து மடிப்பைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே கறுத்திருந்தது.

"அது அழுக்குங்க, தேய்ச்சாலும் போகுதில்ல" என்றாள் பெண்சாதி.

"அது அழுக்கில்லை. பிள்ளை என்ன சாப்பிடுறவள்?"

நான் சொன்னேன். மூன்று தட்டையும் சொன்னேன். கூப்பனையும் சொன்னேன். அவர் எழுதுகிறதை நிறுத்திவிட்டார்.

"பட்டினி கிடந்த உடம்பு பயந்த உடம்பு. பிறகு சாப்பாடு வந்தால் ஒண்டையும் வெளியில விடாது, எல்லாத்தையும் கொழுப்பாப் பூட்டி வைக்கும். நீங்கள் அதுக்கு மூண்டு பேரின்ர சாப்பாட்டைக் குடுத்து, நடக்கவும் விடேல்லை. நித்திரையில மூச்சு நிக்குதெண்டால் கழுத்துக் கொழுப்பு அமத்துது. ஒரு நாள் நிண்டது நிண்டதுதான். விளங்குதோ?"

"விளங்குதுங்க."

"ஒரு தட்டு. தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம். ஒவ்வொரு நாளும் நடக்க வேணும். மருந்து இதுதான். வேற மருந்து என்னட்டை இல்லை."

பெண்சாதி தரையைப் பார்த்தபடி கேட்டாள். "ஒரு தட்டுன்னா, அப்ப அவுங்க ரெண்டு பேரும் என்னாங்க திம்பாங்க?"

ஐயா அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

வீட்டுக்கு வந்ததும் பெண்சாதி ஐந்து தட்டு வைத்தாள். நான் இடது பக்கத் தட்டை எடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அவ்வளவு பலம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

"ஒருக்கா பசியில விட்டோம். நான் திரும்ப விட மாட்டேன்."

"இவளும் போயிருவா, புள்ள. மூச்சு நிக்கிறத நான் பார்த்தேன்."

"நிக்கல்ல. அது சின்னவன் தூங்குறது."

தட்டை வைத்துவிட்டேன். அது என் தப்பு.

எழுபத்தேழாம் வருடக் கலவரத்தில் கீழே ஊரில் தமிழர் கடைகள் எரிவதாகச் செய்தி வந்தது. மறுநாள் காலையில் வெற்றிலை விற்கிற சிங்களக்காரர் ஒருவர் மூச்சிரைக்க மலை ஏறி வந்தார். ஆட்கள் லொறியில் வருகிறார்கள், மேலே போங்கள் என்றார். சொல்லிவிட்டு வேறு வழியாக இறங்கிப் போனார். லயம் முழுவதும் தேயிலைக்கு மேலே இருந்த ஏலக்காட்டுக்கு ஏறியது. பெண்சாதி ஒரு துணி மூட்டை கட்டினாள். உள்ளே என்ன என்று நான் பார்க்கவில்லை.

மகளால் முதல் திருப்பத்துக்கு மேலே ஏற முடியவில்லை. எல்லோரும் எங்களைத் தாண்டிப் போனார்கள். அவள் மடியில் பிள்ளை வைத்துப் பூரித்தவர்களும் போனார்கள். குறை சொல்லவில்லை. அவரவருக்குப் பிள்ளை இருந்தது. நான் கொழுந்துச் சாக்கை விரித்து அவளை முதுகில் கட்டினேன். அந்தர் மூடை எத்தனையோ தூக்கியிருக்கிறேன். மூச்சு விடுகிற மூடை தூக்கியதில்லை.

பாதி வழியில் அந்த மூச்சு என் காதுக்குப் பக்கத்தில் நின்றது. அவள் தூங்கவில்லை. முழித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனாலும் நின்றது. இறக்கி வைத்தேன். கண் மேலே செருகியிருந்தது. பெண்சாதி அவள் முதுகில் இரண்டு கையாலும் குத்தினாள். கன்னத்தில் அறைந்தாள். நான் எண்ணவில்லை. மூச்சு வந்தது. கீழே எங்கேயோ தகரம் விழுகிற சத்தம் கேட்டது.

 சாக்கின் ஒரு நுனியைப் பெண்சாதி பிடித்தாள். மற்ற நுனியை நான் பிடித்தேன். அப்படியே காடு சேர்ந்தோம்.

காட்டில் மூன்று நாள் இருந்தோம். பெண்சாதி மூட்டையை அவிழ்த்தாள். உள்ளே மூன்று தகரத் தட்டு. துணி இல்லை, மா இல்லை. தட்டை வரிசையாக ஏலச் செடிக்குக் கீழே வைத்தாள். போட ஒன்றும் இல்லை. ஓடைத் தண்ணீர்தான் குடித்தோம். தட்டில் பனி நின்று சொட்டாக விழுந்தது.

முதல் நாள் மத்தியானம் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் நாளும் அப்படியே. யாராவது வந்து கேட்பார்கள் என்று காத்திருக்கிறாள் என்று எனக்கு விளங்கியது. நானும் காத்திருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. பனிக்குள் ஏதாவது அசைந்தால் நானும் திரும்பிப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் மகள் பேசினாள்.

"யம்மா. பாக்காதம்மா. அவுங்க வர மாட்டாங்க."

"வாய மூடு."

"எப்பவுமே வந்ததில்லம்மா. நான் தின்னல்லன்னா நீ அழுவ. அதான் தின்னேன்."



நான் கேட்டேன். "அப்ப தம்பி தட்ட மட்டும் ஏம்மா இடது கையால தின்ன?"

மகள் என்னைப் பார்த்தாள். "இடது கையாலயா? நானா?"

"ஆமா."

"இல்லப்பா. நான் சோத்துக் கையாலதான் திம்பேன்."

அவள் பொய் சொல்கிற பிள்ளை இல்லை.  பெண்சாதி எழுந்தாள். இரண்டு தட்டை எடுத்து ஒரு மரத்தடியில் கவிழ்த்து வைத்தாள். மகளின் தட்டை மடியில் கட்டிக்கொண்டாள். அன்றைக்குப் பின்னேரம் கீழே ஆமிப் பட்டாளம் வந்திருக்கிறது, இறங்கலாம் என்று ஆள் வந்து சொன்னது.

எங்கள் காம்பராவின் கதவு உடைந்திருந்தது. மா டின்னும் பாயும் போயிருந்தன. கூப்பன் புத்தகம் கூரை இடுக்கில் பத்திரமாக இருந்தது. நிலைமை அடங்கியதும் பையன்கள் இரண்டு பேருடைய புத்தகத்தையும் கூப்பன் ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கிருந்த ஆள் தலையைத் தூக்காமல் வாங்கி இழுப்பறையில் போட்டார். மறியலில் போட்டுப் பூட்டுவார்கள் என்று மூன்று வருடம் பயந்திருந்தேன்.

தட்டு ஒன்றானால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. மகளுக்குப் பசித்தது. சாப்பிட்டு எழுந்தவுடன் பசித்தது. அழுதாள்.  ஒரு மத்தியானம் வேலைவிட்டு வந்தபோது காம்பரா இருட்டாக இருந்தது. மூலையில் ஒரு வெள்ளை முகம் தெரிந்தது. கையும் வெள்ளை. அது வாயைத் திறந்தது, வாய்க்குள்ளும் வெள்ளை. நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். மகள்தான். பச்சை மாவை அள்ளித் தின்றுகொண்டிருந்தாள்.

பெண்சாதி விறகுக்கட்டையை எடுத்தாள். நான் பறித்து வீசினேன். பிறகு டிஸ்பென்சரி ஐயாவிடம் போனோம்.

"முந்தி உங்கட பசியை அவள் திண்டவள். இப்ப அவளின்ர சொந்தப் பசி" என்றார். "மூண்டு வருசம் பழக்கினது மூண்டு கிழமையில போகாது. திட்டாதைங்கோ. திட்டினால் ஒளிச்சுத் தின்னுவள். கீரை, பருப்பு நிறையக் குடுங்கோ, வயிறு நிரம்பும். மெல்லத் தின்னப் பழக்குங்கோ. நடக்கேக்கை ஆரும் கூட நடவுங்கோ. தனிய நடக்கச் சொன்னால் ஒரு பிள்ளையும் நடக்காது."

பெண்சாதி அதைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தால் விடுகிற பெண்பிள்ளை இல்லை. மகளுக்கு எதிரே உட்கார்ந்து, மகளுக்கு வைத்த அளவே தனக்கும் வைத்தாள். மகள் ஒரு வாய் மென்று முடிக்கும்வரை அவளும் மென்றாள். சீனி டின்னை வீட்டைவிட்டு அனுப்பினாள். வல்லாரையும் முருங்கை இலையும் தேடிப் பறித்தாள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்கு முன்னால் மகளைத் தொழிற்சாலை மேட்டுக்கு நடத்திப் போனாள். முதல் மாதம் பாதி மேடுதான். பனிக்குள் இரண்டு உருவம் ஏறும். ஒன்று நிற்கும். மற்றதும் நிற்கும். நான் கீழே நின்று பார்ப்பேன். சில நாள் மூன்று உருவம் தெரிகிற மாதிரி இருக்கும். கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்ப்பேன்.

லயத்துப் பெண்கள் பேசினார்கள். சாமிப் பிள்ளையை மெலியவைக்கிறாள் என்று கோபம். பைப்படியில் ஒருத்தி சொன்னாள்.

"ரெண்டப் பட்டினியில முழுங்கினது பத்தாதாடி ஒனக்கு? இதையும் காயப் போடுறியா?"

பெண்சாதி குடத்தை நிமிர்த்தி வைத்தாள். "ரெண்டு போனதுனாலதான்க்கா இவள நடக்க விடுறேன்" என்றாள். தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். அன்று முழுவதும் அவள் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் தூங்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன். இருபது, பதினைந்து என்று இறங்கியது. எட்டு. பிறகு எண்ண ஒன்றும் இருக்கவில்லை. விசில் சத்தம் மட்டும் கடைசியாகப் போனது. போன அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், சொல்லத் தெரியவில்லை. வாசலுக்குப் போய் வெளியே பார்த்தேன். ஒன்றும் இல்லை. பனிதான்.

அடுத்த வருடம் மாரியம்மன் திருவிழா முடிந்த கிழமை. மத்தியானம். வெயில் அடித்தது. பெண்சாதி ரொட்டி சுட்டுத் தேங்காய்ச் சம்பல் அரைத்திருந்தாள். எல்லோருக்கும் இரண்டு இரண்டு. மகள் ஒன்றைத் தின்றாள். மெல்ல மென்றாள். இரண்டாவதைப் பிய்த்தாள். பாதியில் கை நின்றது. தட்டைப் பார்த்தாள். வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். யாரோ வாசலில் கூப்பிட்டதைக் கேட்கிற மாதிரி முகம்.

"போதும்மா" என்றாள்.

அந்த வார்த்தையை அவள் வாயால் நாங்கள் கேட்டதில்லை. பெண்சாதி ரொட்டிக் கல்லில் இருந்து கையை எடுக்க மறந்துவிட்டாள். விரல் சுட்டது. 

"நெசமாவாடி?"

"ம். பசிக்கல்ல."

மகள் எழுந்து கை கழுவப் போனாள். மிச்ச ரொட்டி தட்டில் கிடந்தது. பெண்சாதி அதை எடுத்தாள். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். எங்கே வைப்பாள் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலுக்குப் போய்ப் பிய்த்துக் கோழிக்குப் போட்டாள்.

மகள் தின்றது ஒன்றரை.